அக்காவுக்கு ஊசி என்றால் பயம் என்றேன்

தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். அதனால் என் அக்கா ஒரு வருடத்துக்கும் மேலாக உடம்பில் துணி படப் பொறுக்காமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறாள். இதுதான் என் குற்றம். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, பட்டென்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு பொய்யும் சொன்னேன். அது இந்தக் குற்றத்தைவிடக் கேவலமானது. அதையும் சொல்கிறேன்... பொறுங்கள்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் முப்பது வருடம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டேன். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேர்க்கடலைக் கொல்லை வரப்புகளில் நடந்தே கால் தேய்ந்தவள். ஊசிக்குப் பயந்து பிள்ளையை ஒளித்துவைக்கும் தாய்மார்களை நான் திட்டிய திட்டு கொஞ்சமா நஞ்சமா! "பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கியே, புத்தி எங்கடி போச்சு?" என்று நடுத்தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் சாத்திரம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி நான்தான்.

என் அக்கா பச்சையம்மாள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் டிபன் கடை வைத்திருந்தாள். பௌர்ணமி என்றால் அவளுடைய இட்லிப் பானை இறங்கவே இறங்காது. சர்க்கரை நோய்க்காரி. காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, புடவையைச் சற்றே விலக்கி, வயிற்றில் தானே இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொள்வாள். முகம்கூடச் சுளிக்க மாட்டாள். ஊசியை எடுத்த கையோடு மாவைக் கலக்கப் போய்விடுவாள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒருநாள் அவள் டவுனிலிருக்கும் சர்க்கரை டாக்டரிடம் போய்விட்டு ஒரு சீட்டோடு வந்தாள். நான் அவள் கடையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர்... இன்றைக்கும் அந்த ஆறு முகமும் எனக்கு அத்துப்படி.

"பாப்பா, அக்கி வராம இருக்கறதுக்கு ஏதோ ஊசி இருக்குதாமே. ரெண்டு தடவை போடணுமாம். வயசும் ஆவுது, சர்க்கரையும் ஜாஸ்தி, போட்டுக்கோன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. இன்னா சொல்றே?" என்றாள்.

மாமா கல்லாவில் இருந்தார். "நீ சரின்னு சொன்னா வெள்ளிக்கிழமையே இட்டுனு போறேன் பாப்பா," என்றார்.

அக்கா சாப்பிடுகிறவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள்: "எங்க பாப்பா நர்ஸு. ஊசி விஷயத்துல டாக்டரே இவகிட்ட கேக்கணும்!"

அக்கிக்கு ஊசியா? நான் கேள்விப்பட்டதே இல்லை! எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் அது கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் குழந்தைகள், கர்ப்பிணிகள், அப்புறம் கொரோனா. வயதானவர்களுக்கென்று தனியாக ஊசி இருக்கும் என்று நான் யோசித்ததுகூட இல்லை.

"எனக்குத் தெரியலக்கா, விசாரிச்சுச் சொல்றேன்." இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஆறு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்களே! முப்பது வருட நர்சம்மா, ஊசி விஷயத்தில், தெரியாது என்று சொல்வதா?

"அதெல்லாம் வேணாம்க்கா," என்றேன். "நமக்குத்தான் சின்ன வயசுலயே அம்மை போட்டுடுச்சே. ஒரு தடவை வந்தவங்களுக்கு இனிமே இன்னா வரப்போவுது? இதெல்லாம் பணக்காரங்க போட்டுக்கறது."

"அப்படிச் சொல்லுங்க நர்சம்மா!" என்றார் ஒருவர். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சீட்டை நான்காக மடித்து வடைத் தட்டுக்கு அடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அதில் எண்ணெய் ஊறிவிட்டது.

நான் சொன்ன காரணம் இருக்கிறதே... அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சின்னம்மை வந்துபோனவர்களுக்குத்தான் ஐயா அக்கி வரும்! அம்மை இறங்கினாலும் அந்தக் கிருமி உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் போய் ஒளிந்துகொண்டு வருடக்கணக்காகத் தூங்கும். வயதாகி உடம்பில் தெம்பு குறைந்ததும் எழுந்து வரும். ஊசி போட்டுக்கொள்ள எது காரணமோ, அதையே வேண்டாம் என்பதற்குக் காரணமாகச் சொன்னேன். இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது என்கிறீர்களா? எல்லாம் முடிந்த பிறகு. செல்போனில் ஐந்து நிமிடம் தேடியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தேடவில்லையே!

அந்த வருடம் தீபம் முடிந்த எட்டாம் நாள் அவளுக்கு அக்கி வந்தது. திருவிழாக் கூட்டத்துக்கு இரவு பகலாக வேலை பார்த்த உடம்பு. முதலில் முதுகின் வலப்பக்கம் எரிந்திருக்கிறது. சுளுக்கு என்று தைலம் தேய்த்திருக்கிறாள். பிறகு முதுகிலிருந்து மார்புக்குக் கீழே வரைக்கும் பட்டையாகக் கொப்புளம். குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தாள், மூன்று நாள். கொப்புளத்தின் மேல் காவியைக் குழைத்துப் பூசி எழுதுவார்கள், உங்களுக்குத் தெரியும்தானே?

எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஆறாவது நாள் நான் போய்ப் பார்த்தபோது, முதுகெல்லாம் சிவப்புக் காவியோடு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"ஏன்க்கா எனக்கு ஒரு போன் பண்ணல?" என்று கத்தினேன்.

"அக்கி எழுதப் போனேன்னு சொன்னா நீ திட்டுவியே பாப்பா," என்றாள்.

என் வாய் அப்படி. ஊரையே திட்டித் திட்டி, என் கூடப்பிறந்தவளே என்னிடம் வலிக்கிறது என்று சொல்லப் பயப்படும்படி ஆக்கி வைத்திருக்கிறேன். எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் செய்தார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னவள் நான் அல்லவா?

அன்றே ஆட்டோவில் டவுனுக்கு அழைத்துப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கொப்புளம் வந்த ரெண்டு மூணு நாள்லயே வந்திருக்கணும்மா. மாத்திரை அப்போ நல்லா கேக்கும்," என்றார். பிறகு பழைய நோட்டைப் புரட்டினார். "ஊசி எழுதிக் குடுத்திருக்கேனே... போட்டுக்கலியா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். இதோ, அந்தப் பொய்...

"அக்காவுக்கு ஊசின்னா பயம் டாக்டர்."

சொன்னது நான்தான்! தினமும் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்கிறவளைப் பார்த்துச் சொன்னேன். இன்சுலின் எழுதிக்கொடுக்கும் டாக்டரிடமே சொன்னேன். கூசாமல் சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவள் காவி படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"ஆமாங்க. எனக்குப் பயம்," என்றாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார். "புண்ணு ஆறிடும். ஆனா வலி தங்கிடுச்சுன்னா கஷ்டம், சில பேருக்கு மாசக்கணக்குல இருக்கும். நல்லா ஆறினப்புறம் அந்த ஊசியைப் போட்டுக்கலாம், மறுபடி வராம தடுக்கும். அவங்க பயத்தை நர்சம்மா நீங்கதான் போக்கணும்," என்றார்.

கேட்டீர்களா? நான் போக்க வேண்டுமாம்!

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "மெதுவா போவச் சொல்லு பாப்பா, குலுங்குது," என்றாள். திட்டியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புண் ஆறியது. வலி ஆறவில்லை. தோலின்மேல் சுடு எண்ணெய் தெறிப்பதுபோல இருக்கிறது என்பாள். ஜாக்கெட் போட முடியாது. மாமாவின் தொளதொள சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் உரசிவிட்டால் பல்லைக் கடிக்கிறாள். வலி மாத்திரை போட்டால் தலை சுற்றித் தூங்கிவிழுகிறாள். அடுப்புச் சூடு உடம்புக்கு ஆகவில்லை, கடையை மூடியாயிற்று. பௌர்ணமிதோறும் கூட்டம் அவள் வாசல் வழியாகத்தான் போகிறது. அவள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள்.

அவளுடைய ஒரே மகளுக்குக் கீழ்பென்னாத்தூரில், மாமியார் வீட்டில் வளைகாப்பு நடந்தது. பெற்ற தாய் சபையில் எப்படிச் சட்டையோடு போய் நிற்பாள்? "நீ போய்ப் போடு பாப்பா, நீயும் அவளுக்கு அம்மாதான்," என்று வளையல்களை என்னிடம் கொடுத்தனுப்பினாள். நான் போனேன். அவள் இடத்தில் நின்று அந்தப் பெண்ணின் கைக்கு வளையல் போட்டேன். "நீங்க இல்லேன்னா எங்கம்மா இன்னா ஆவாங்களோ சித்தி," என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சபையில் எல்லாரும் என்னைத் தங்கமான தங்கச்சி என்றார்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை!

அவள் படும் பாட்டைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்கும்தானே அம்மை வந்தது? சொல்லப்போனால் முதலில் வந்ததே எனக்குத்தான், என்னிடமிருந்துதான் அவளுக்குத் தொற்றியது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போய் அந்த ஊசியை நான் போட்டுக்கொண்டேன். ஆமாம்! அவளுக்கு வேண்டாம் என்ற அதே ஊசியை.

மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. அக்கா வீட்டில் பரண்மேலிருந்த டப்பாவை எடுக்கப்போய் "அம்மா!" என்றுவிட்டேன்.

"இன்னா ஆச்சு பாப்பா?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்க்கா."

"உக்காரு," என்றாள். நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். குனிந்தால் சட்டை முதுகில் உரசும், அவளுக்கு உயிர் போகும். அப்படியும் குனிந்து என் ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள்.

ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த வட்டமான சின்ன பிளாஸ்திரியைப் பிய்த்துப்போட மறந்திருந்தேன்.

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு நகத்தால் மெல்ல அதை உரித்தெடுத்துத் தரையில் வைத்தாள். எண்ணெயைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். ஊசி போட்ட இடத்தில் தேய்க்கக் கூடாது என்று எத்தனை ஆயிரம் தாய்மார்களிடம் சொல்லியிருப்பேன்!

"ரெண்டாவது எப்போ பாப்பா?" என்று கேட்டாள்.

"எந்த ஊசி? நான் ஊசி எதுவும் போடலியே!" என்றேன்.

அவள் ஊசி என்றே சொல்லவில்லை. அது எனக்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

ஏன் அப்போதாவது சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேளுங்கள்! நானும் தினமும் அதைத்தான் கேட்கிறேன். அவளுடைய புண் ஆறி மாதங்கள் ஆகின்றன. ஊசியைத் தாராளமாகப் போடலாம். மறுபடி வந்தால் இந்த உடம்பு தாங்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்குப் போட்டுக்கொள் என்றால், அன்றைக்கு ஏன் வேண்டாம் என்றாய் என்று வருமே... அதற்குத்தான் வாய் பூட்டிக்கொள்கிறது. என்ன பிறவி நான்!

நேற்றுக் காலை அங்கே போயிருந்தேன். மாமா காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் பாப்பா, அந்த டாக்டர் சொன்ன ஊசியை இப்பவாவது பச்சைக்குப் போட்றலாமா? நீ இன்னா சொல்றே?"

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"அவள ஏன் கேக்கறீங்க? எனக்குத்தான் ஊசின்னா பயமாச்சே," என்றாள்.

சொல்லிக்கொண்டே சட்டையைச் சற்றுத் தூக்கி, வயிற்றில் இன்சுலினைப் போட்டுக்கொண்டாள்.

நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.