மாகறல் பையனுக்கு வந்த பதில்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் ஆசிரியராக இருந்தேன். என் மகளுக்கு இளம்பிள்ளை வாதம். சென்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமான, பலவிதமாக முடங்கிய பிள்ளைகளின் பெற்றோர்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். யாருக்குச் சந்தேகம் என்றாலும் எனக்கு எழுதுவார்கள். நான் அதைச் சைக்ளோஸ்டைலில் படியெடுத்து எல்லோருக்கும் தபாலில் அனுப்புவேன். பதில்களும் என் வீட்டுக்கே வரும்.

அவற்றைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. எல்லோருக்கும் உதவுகிறவை அடுத்த தாளில் ஏறும். ஒருவருக்கு மட்டுமானவை அவருக்குத் தனியாகப் போகும். 'போன ஜென்மத்துப் பாவம்' என்று எழுதியவை அடுப்புக்கு. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் போட்டு, பதிலுக்குப் பதில் என்று சண்டை முற்றி, சில குடும்பங்கள் விலகிய பிறகு வந்த புத்தி அது.

மாகறலிலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். கூலி வேலை. மகனுக்கு நாலு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை, அடிக்கடி வலிப்பு. எழுதத் தெரியாததால் பஸ் ஏறி வந்து சொல்வாள்.

"சோறு ஊட்னா தொண்டையில நின்னுகினு மூச்சு முட்டுது சார். இன்னா பண்றதுன்னு யாருக்குனா தெரிமா, கேளுங்க."

கேட்டேன். அந்தத் தாள் ஊர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே, மழைக்காலக் காய்ச்சலில் பையன் இறந்துபோனான்.

பிறகுதான் பதில்கள் வரத் தொடங்கின. மடியில் நிமிர்த்தி வைத்து ஊட்டுங்கள். கஞ்சியைக் கெட்டியாக்குங்கள். 'என் மகள் இப்போது நன்றாக விழுங்குகிறாள், உங்கள் பிள்ளையும் விழுங்குவான்' என்று ஒரு தாய். எல்லாம் நல்ல பதில்கள். அவளுக்கு எதையும் அனுப்பாமல் பீரோவில் வைத்தேன்.

ஒருநாள் அவளே வந்துவிட்டாள். "பதிலு வந்துதா சார்?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"வந்துதா, வர்லியா?"

எடுத்து வந்து படித்தேன். 'உங்கள் பிள்ளையும்' என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"இன்னா, நிறுத்திட்டீங்க? படிங்க."

படித்து முடித்ததும், "அவுங்களுக்கு இன்னும் தெரியாதில்ல?" என்றாள்.

"அடுத்த தாள்ல போட்டுடறேன்."

"வேணாம் சார். அவுங்ககிட்டனா உசுரோட கீறான். இருக்கட்டும்."

போடவில்லை. பதில் வரும்போதெல்லாம் எடுத்து வைப்பேன். அவள் வந்து கேட்டுவிட்டுப் போவாள். ஆனால் ஒரு தகப்பன், பையன் இப்போது விழுங்குகிறானா, தான் சொன்னது பலித்ததா என்று கேட்டு எழுதினார். அதற்கு என்ன பொய் சொல்வது? அவளிடம் படித்துக் காட்டினேன்.

"சொல்லிடுங்க."

எல்லோருக்கும் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. தங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதையும் மெல்ல நிறுத்திவிட்டார்கள். நானும் தாள் அனுப்புவதை விட்டேன்.

அதன்பின் ஒருமுறை வந்தாள். வாசலிலேயே நின்று, "ஒண்ணும் வர்லியா சார்?" என்றாள்.

"இல்லம்மா."

உட்காரச் சொன்னேன். பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.