கடவுளைத் துவைத்தது யார்?

சபையில் எல்லோரும் அவரைச் சைகையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது. வார நாட்களில் கடையில் மூக்குக்கண்ணாடி விற்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், மேடையின் இடது ஓரம் கறுப்புச் சட்டையில் நின்று, போதகர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வார். முன்வரிசையில் காது கேளாதவர்கள் பதினோரு பேர். அக்காவின் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதால் சின்ன வயதிலேயே படிந்த சைகைமொழி. அக்காவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

இருபது வருடப் பழக்கத்தில் ஒரு வசதி. கை பாட்டுக்குக் கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். மனசு பாட்டுக்கு வீட்டில் வெங்காயம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும். அதில் அவருக்கு உறுத்தல் எதுவும் இல்லை. எதிரே கூடமும் அப்படித்தானே இருந்தது! காப்பிக் கோப்பையோடு உள்ளே வருகிறவர்கள், நடுவில் எழுந்துபோய் ஃபோன் பேசிவிட்டு வருகிறவர்கள். குனிந்த தலைகளில் எது ஜெபம், எது ஃபோனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது என்று மேடையிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முன்வரிசையிலிருந்து மச்சக்காரி எழுந்து வந்தாள். நெற்றியில் பெரிய மச்சம். அதைத் தொட்டுக் காட்டுவதே காது கேளாதவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. சபைக்கு வரத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையால் கேட்டாள்:

“அக்கா, கடவுளை யாரு துவைச்சாங்க?”

அக்கா தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று நினைத்தார். அவள் மறுபடி அதையே கேட்டாள்.

“நீங்கதானே சொன்னீங்க? இன்னைக்கு மட்டும் ஒன்பது தடவை.” ஓர் உள்ளங்கையால் இன்னோர் உள்ளங்கையை வழித்துத் துடைத்துக் காட்டினாள். ‘பரிசுத்தம்’ என்று போதகர் சொல்லும்போதெல்லாம் அக்கா காட்டும் சைகை அது. கழுவிய தட்டுக்கும் அதே சைகைதான். “நான் நாள் முழுக்க பெட்ஷீட்டுக்குச் சொல்ற வார்த்தை இது. அழுக்கா இருந்துச்சு, துவைச்சோம், சுத்தமாச்சு. அப்போ அவரும் முன்னாடி அழுக்கா இருந்தாரா?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “அய்யோ, இது வேற சுத்தம்மா.”

“வேறன்னா எப்படி?”

“அடுத்த வாரம் சொல்றேன்,” என்று கைகாட்டிவிட்டு அக்கா கிளம்பினார்.

வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம், “ஏங்க, பரிசுத்தம்னா என்னங்க?” என்று கேட்டார்.

“தப்பே பண்ணாம இருக்கிறது.”

“நம்ம எதிர்வீட்டுக்காரரும்தான் ஒரு தப்பும் பண்றதில்ல. அவரைப் பார்த்தா எனக்குக் கொட்டாவிதானே வருது?”

கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு யோசித்தார். “போதகரையே கேட்டுரு.”

போதகர் மேடைக்குப் புது விளக்கு மாட்டுகிறவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “தனியாப் பிரிச்சு வைக்கிறதுன்னு அர்த்தம்க்கா,” என்றார் அவசரமாக.

அடுத்த ஞாயிறு அதைச் சைகையில் காட்டியபோது மச்சக்காரி உதட்டைப் பிதுக்கினாள். “தொத்துநோய்க்காரங்க துணியையும் தனியாப் பிரிச்சுத்தான் வைப்போம். நீங்க எங்க சலவைக்கூடத்துக்கு ஒருநாள் வாங்க. சுத்தத்துல எத்தனை வகை இருக்குன்னு காட்டுறேன்.”

விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா போனார். ஆள் உயரத்துக்கு இயந்திரங்கள். அவை சுழலச் சுழலத் தரை அதிர்ந்தது. அந்த இரைச்சலில் காது கேட்பவர்களும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். துவைத்தது, தேய்த்தது, அறுவைச் சிகிச்சைக்கென்று உறையிட்டது என மச்சக்காரி ஒவ்வொன்றாகக் காட்டினாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினார். எதுவும் பொருந்தவில்லை.

கடைசியாக, நீராவிக்கான பாய்லர் அறை. பாய்லர்காரர் ஒதுங்கி வழிவிட்டு, உள்ளங்கை அகலக் கண்ணாடித் துளையைக் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தார்.

உள்ளே நெருப்பு. அடுப்பில் பார்க்கிற நெருப்பு இல்லை. ஓரமோ நுனியோ தெரியாமல் துளை முழுக்க வெளிச்சமாக நின்றது. அவர் கை தானாக அதை நோக்கி எழுந்து, தொடும் முன்பே நின்று, நெஞ்சுக்குத் திரும்பியது.

மச்சக்காரி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “இப்ப என்ன செஞ்சீங்க? திரும்பச் செய்யுங்க!”

அக்கா செய்து பார்த்தார். தெரிந்து செய்யும்போது அது வரவில்லை.

“இதை யாரும் துவைக்க முடியாது,” என்றாள் மச்சக்காரி, துளையைப் பார்த்தபடி. “இது இல்லன்னா இங்க ஒரு துணியும் வெளுக்காது.”

அந்த வாரம் முழுக்க அக்கா கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கையை நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். சுளுக்கா என்று முதலாளி விசாரித்தார். கை நிற்கும் இடத்தில் மூச்சும் நிற்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அவருக்கு வெள்ளிக்கிழமை ஆனது. அப்படிச் செய்தபோது, இத்தனை வருடம் யாரைப் பற்றிக் கையாட்டிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வார்த்தை வந்தது. கை எழுந்தது, நின்றது, திரும்பியது. அதற்குள் போதகர் இரண்டு வாக்கியம் முன்னே போய்விட்டார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவர் பேச்சை நிறுத்தினார்.

“என்னக்கா, கை வலிக்குதா?”

“இல்லங்க. இந்த வார்த்தைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் வேணும்.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. போதகரும் சிரித்துக்கொண்டே, “சரி, எடுத்துக்குங்க,” என்று அந்த வார்த்தையை மறுபடி சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அக்காவின் கை போய் நின்றதும் போதகர் முகத்தில் சிரிப்பு இல்லை. உடனே பேசவும் இல்லை. மைக் போய்விட்டதோ என்று பல தலைகள் ஃபோனிலிருந்து நிமிர்ந்தன. நிமிர்ந்தவர்களில் சிலர் திரும்பக் குனியவில்லை. யாரோ காப்பிக் கோப்பையை மெதுவாக நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் பதினோரு பேரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரான தச்சருக்குச் சைகை திருப்தியில்லை. “கை திரும்பி வருது, சரி. அது பயம். ஆனா கிட்டப் போகணும்னு ஆசையும் இருக்கே, அதை எங்க காட்டுவீங்க?” இன்னொருவர் அதை மறுத்தார். மச்சக்காரி இருவரையும் மறுத்தாள். இருபத்துச் சொச்சம் கைகள் காற்றில் பறந்தன.

கூட்டிப்போக வந்த கணவர் காரின் கண்ணாடியை இறக்கினார். “என்ன, சண்டையா?”

“ஆமாங்க. கடவுளைப் பத்தி,” என்றார் அக்கா, கண்ணைத் தச்சரின் கையிலிருந்து எடுக்காமல்.

கணவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.