வீட்டுக்குள் இருந்த மேடு

மாமா தம் செயற்கைக் காலிலிருந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு மாலைதான் எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருகிறது. சிதம்பரம் கோயிலின் கீழை வாசல். செருப்பு வைக்கும் இடத்தின் ஓரமாக உட்கார்ந்து, நிஜக் காலின் ஷூவை ஒரே இழுப்பில் கழற்றியவர், மற்றதற்கு மட்டும் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். வலிக்காத காலுக்கு எதற்கு இத்தனை பதனம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், எதற்கும் சிரிப்பு வரும் வயது. பிராகாரத்துக் கல் பகல் வெயிலை இன்னும் விட்டிருக்கவில்லை. குளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, முகத்தைத் தூக்கியபடி நடந்தார். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். அண்ணாந்தபடியே நாங்கள் இருவரும் ஒரு சுற்று வந்தோம். வானம் மெதுவாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த அம்மா மாமாவின் காலையே பார்த்தபடி வந்தாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நெல்லிக்குப்பத்தில் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றில் அவருடைய பைக் மோதி, இடது காலில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கல்யாணப் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டார். அம்மாதான் அவருக்கு எல்லாம் செய்தாள். வெளியில் ஷூ போட்டு நடந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. கடைத்தெருவில் அவரோடு சேர்ந்து நடக்க எனக்கு மூச்சு வாங்கும். வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றிய உடனே எல்லாம் மாறிவிடும். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் மலை ஏறுகிறவர்போல் ஆகிவிடுவார். பின்னால் விழுந்துவிடாமலிருக்கக் கை தானாகவே சுவரைத் தேடும். எங்கள் வீட்டுத் தரையில் அவருக்கு மட்டும் ஒரு மேடு இருக்கிறது என்று நான் நம்பினேன். யாரும் இல்லாத மதியங்களில் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கோலிக்குண்டை வைத்து, அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்ப்பேன். கோலி அசையாது. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து ஒரு சின்னப் பச்சை வட்டத்தைத் தரையில் போடும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன். கனவில் வீடு முழுவதும் சாய்ந்திருக்கும், மாமா மேலே மேலே ஏறிப் போய்க்கொண்டே இருப்பார்.

நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் அவர் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான். பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதிவு செய்து தருவார். அதில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட வந்த பெரியவர்களை, "நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. பசங்கள அப்புறமா திட்டிக்கலாம்" என்று அனுப்பிவிடுவார். அவர்கள் போன பிறகு, "இப்ப சொல்லு, உனக்கு இன்னா புடிக்கும்?" என்பார். அப்பா விரும்பியதை அழித்துவிட்டுத் தான் விரும்பியதைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளைகள் அந்த ஊரில் ஏராளம். அவர்களின் அப்பாக்கள் மாமாவைத் திட்டிக்கொண்டேதான் அடுத்த பிள்ளையையும் அழைத்து வருவார்கள்.

என் முறை வந்தது. அம்மாவும் அப்பாவும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று முடிவு செய்திருந்தார்கள். மாமா என்னை ஒன்றும் கேட்காமல் அதையே முதலில் போடப் போனார். எனக்குச் சுருக்கென்றது.

"எல்லாரையும் கேக்கறீங்க. என்னை மட்டும் ஏன் மாமா கேக்கல?"

சிரித்தார். "சரி, சொல்லு."

"பயோமெடிக்கல்."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். செயற்கைக் கை கால்களும் அந்தப் படிப்பில் வரும் என்று அவருக்குத் தெரியும். வெளியே ஒரு டிராக்டர் கரும்புச் சோகையை உதிர்த்துக்கொண்டு போனது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான், "உங்க காலுக்காகத்தான்" என்றேன். சொன்னது பாதி உண்மைதான். அந்தக் கோலிக்குண்டைப் பற்றியும், சமதரையில் ஒரு மனிதர் ஏன் மலை ஏறுகிறார் என்று அறிய எனக்கிருந்த ஓயாத ஆசையைப் பற்றியும் சொல்ல அன்று வாய் வரவில்லை.

"வேணாம் பாப்பா" என்றார். "உங்கம்மா பாதி வாழ்க்கைய எங்கூடவே ஓட்டிட்டா. அவ எங்கயும் போனதில்ல, ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூட நிம்மதியா போனதில்ல. இப்ப நீயுமா?" அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அன்று என் பதிவு நடக்கவில்லை. கடைசி நாள்வரை வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கடைசி நாள் மதியம், அவரே என்னைக் கூப்பிட்டார். "ஒரு கண்டிஷன். படி. ஆனா என் கால்ல நீ கை வெக்கக் கூடாது. அதப் பத்திப் பேசவும் கூடாது. சம்மதமா?" அந்த வயதில் எதற்கும் சம்மதிக்கலாம். தலையாட்டினேன். சிதம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பயோமெடிக்கல் கிடைத்தது.

உறவுக்காரர்களுக்கு அது என்ன படிப்பு என்று கடைசிவரை பிடிபடவில்லை. மெடிக்கல் என்ற சொல் வந்துவிட்டதால் நான் கால்வாசி டாக்டர் ஆகிவிட்டேன். மேல்பட்டாம்பாக்கத்து அத்தை தன் சர்க்கரை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சாதம் ஜாஸ்தி சாப்பிடலாமா?" என்று கேட்பார். மெஷினைப் பற்றித்தான் படிக்கிறேன் என்றால், "அந்த மெஷின்தானே சொல்லிச்சு, அதான் உன்னக் கேக்கறேன்" என்பார்.

விடுதியிலிருந்து ஊருக்கு வருகிற பயணங்கள் இப்போதும் கண்ணுக்குள் இருக்கின்றன. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது உப்புக்காற்று அடிக்கும். பிறகு வயல், கொக்கு, மறுபடி வயல். கடலூரில் இறங்கி வேறு பஸ் பிடிக்கும்வரை பாதித் தூக்கத்திலேயே இருப்பேன். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில்தான், மனித நடையைப் பற்றிய வகுப்பில், செயற்கைப் பாதம் ஒன்றைப் பக்கவாட்டில் வரைந்து காட்டினார்கள். ஷூவின் குதிகால் உயரத்தைக் கணக்கில் வைத்தே சில பாதங்களை வார்க்கிறார்கள். ஷூவைக் கழற்றினால் குதிகால் தாழ்ந்துவிடும், கால் பின்னுக்குச் சாயும், நடப்பவருக்குச் சமதரையே ஏற்றமாகிவிடும். ஆசிரியர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. வீட்டுக்குள்ளும் ஷூவோடு நடமாடுகிற யாருக்காகவோ யோசித்துச் செய்த பாதம் அது. நாமோ வாசலிலேயே கழற்றிவிடுகிறோம், கோயிலிலும் கழற்றிவிடுகிறோம். மாமா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கவில்லை. பாதத்தை மாற்றினால் போதும், அந்த மேடு போய்விடும். எனக்கு வகுப்பிலேயே அழுகை வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தேன். மாமா கையில் டீயோடு கூடத்துக்கு ஏறி வந்துகொண்டிருந்தார். "மாமா, உங்க காலு..." என்று தொடங்கினேன்.

"கண்டிஷன் இன்னா?" என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. இனிமேல் நானாகப் பேசுவதில்லை என்று வீம்பு வந்தது. வீம்பில் நான் அம்மா வீட்டுப் பெண்.

இப்போது கடலூரில் ஒரு மருத்துவமனையின் செயற்கை உறுப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்ல செருப்பு போடுவீங்களா?" என்பதுதான். பலர் அதைக் கேட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். போன வருஷம், நாங்கள் பாதம் மாற்றிக் கொடுத்த ஓர் அம்மா ஏதோ விண்ணப்பம் போட மாமாவின் சென்டருக்குப் போயிருக்கிறார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நடந்து வந்திருக்கிறார். மாமா அவருடைய நடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கே செய்தது என்று விசாரித்திருக்கிறார். "கடலூர்ல ஒரு பொண்ணு இருக்குதுங்க, செருப்பப் பத்தியே கேட்டு உசுர வாங்கும்" என்றாராம் அந்த அம்மா.

அதற்குப் பிறகு ஒரு காலைநேரம், அடுத்தவரை அழைக்கப் பெயரைப் படித்தேன். மாமாவின் பெயர். வரிசையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார், கையில் டோக்கன். எழுந்து வந்து என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உன் மாமா வரல. பேஷண்ட் வந்திருக்கேன். எல்லாருக்கும் செய்யறதத்தான் கேக்கறேன்."

கீழே உட்கார்ந்து, அவர் காலில் கை வைத்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அதைத் தொட்டது அன்றுதான்.

புதிய பாதத்தைப் பொருத்திய அன்று, வெறுங்காலோடு வராந்தாவில் நடந்து பார்த்தார். கை சுவரைத் தேடிப் போய், வேண்டாம் என்று திரும்பி வந்தது. முகம் நேராக இருந்தது. அந்த முகத்தை வீட்டுக்குள் நான் கண்டதே இல்லை. என் அருகில் வந்து நின்றவர், மெதுவாகக் கேட்டார்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"காலேஜ்லயே தெரியும் மாமா. சொல்ல வந்தேன். நீங்க வுடல."

புதிய பாதத்தால் தரையை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"நான் வுடலன்னா, நீயும் வுட்டுடுவியா பாப்பா?"

வரிசையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை அந்தக் கோடிவரைக்கும் போய் வரலாமா என்று கேட்டார்.

"நடங்க மாமா" என்றேன்.