டிரம்முக்குப் போன பெட்டைகள்

கெங்கம்மாளின் கையைப் பற்றிச் சேவூர்ப் பக்கம் பேசாதவர்கள் குறைவு. முட்டையை விட்டு அன்றைக்குத்தான் வெளியே வந்த கோழிக்குஞ்சை இடது கையால் அள்ளுவாள். வயிற்றை லேசாக அழுத்தி எச்சத்தைப் பீச்சிவிடுவாள். கட்டைவிரலால் பின்பக்கத்தைப் பிரித்து விளக்கடியில் காட்டுவாள். உள்ளே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மொட்டு தெரிந்தால் சேவல், தெரியாவிட்டால் பெட்டை. நாம் குனிந்து பார்ப்பதற்குள் அவள் அடுத்த குஞ்சை எடுத்திருப்பாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த வேகம் அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் வரவில்லை.

ஆரணியிலிருந்து சேவூர் போகிற வழியில் இருந்தது அந்தக் குஞ்சு பொரிக்கிற கம்பெனி. ஊர்க்காரர்களுக்கு அது குஞ்சுக் கம்பெனி. தொண்ணூற்று நாலில் கெங்கம்மாள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் வேடியப்பன் ஆரணியில் பவர்லூம் ஓட்டினான். நிலம் நீச்சு எதுவும் கிடையாது.

கம்பெனியில் பொரித்தது முட்டைக்கோழி. பெட்டைக் குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் ஏறிப் பண்ணைகளுக்குப் போகும். சேவல் முட்டையா போடப் போகிறது? அதை யார் வாங்குவார்கள்? கொஞ்சத்துக்கு ரோஸ் கலரும் பச்சைக் கலரும் அடித்துச் சைக்கிள்காரர்கள் சந்தையில் விற்பார்கள். மிச்சமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த நீல டிரம்முக்குப் போகும். நிறைந்ததும் மூடியைப் போட்டு இறுக்குவார்கள். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் உள்ளே இருந்து சத்தம் வரும், அப்புறம் வராது.

முதலில் கெங்கம்மாள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்ப்பதுதான் அவள் வேலை. டிரம்மை வேறு ஆள் பார்த்துக்கொண்டான். ஆனால் அவளுக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை, பெயர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது. துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு ராஜம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அத்தினி ஆம்பளக் குஞ்சுங்கள அனுப்பிகினே கீறியே கெங்கா. அந்தப் பாவம் சும்மா உடுமா?"

பாவி, சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். கேட்டவளை அன்றைக்கு ஒரு சத்தம் பிடித்துக்கொண்டது. சோறு வடிக்கும்போது காதில் கீச் கீச் என்று கேட்கும். பஸ்ஸில் போகும்போது கேட்கும். பவர்லூம் தறிகள் தடதடக்கிற தெருவில் நடந்து போனாலும், அத்தனை சத்தத்துக்கும் அடியில் அது தனியாகக் கேட்கும். வேடியப்பனிடம் சொன்னால், "காதுல குரும்பி கீதா பாரு" என்பான்.

அடுத்து பிரபாகரன் பிறந்தான். நல்ல கொழுகொழுப்பாகத்தான் இருந்தான். தவழ ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் மத்தியானம் கண் மேலே சொருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். விடாமல் கொடுக்க வேண்டும், பெரியவனாகும்போது நின்றுபோகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார்கள். அந்தப் 'போகலாம்' அவளுக்குப் போதவில்லை. முதல் பிள்ளையை வாங்கிக்கொண்டது எதுவோ, அது இரண்டாவதுக்கும் வாசலில் வந்து நிற்கிறது என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

ஏரிக்கரை முனீஸ்வரனிடம் போய் நின்றாள். "என் கையால பார்த்து எடுத்த சேவலை நானே வளர்த்து உனக்கு உடறேன். எம் புள்ளைய எனக்கு உடு" என்று வேண்டிக்கொண்டாள். சந்தையில் விலைக்கு வாங்குவது இல்லை. சாகப் போகிறதிலிருந்து ஒன்றை மீட்டு, சாமிக்கென்று வளர்த்துக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் தன் கையைப் பிடித்த பாவம் விட்டுப்போகும் என்று அவள் மனசுக்குப் பட்டது.

மறுநாள் தான் பிரித்துப் போட்ட சேவல் தட்டிலிருந்து துடிப்பான குஞ்சு ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுபடி பிரித்துப் பார்க்கவில்லை. தன் கையால் போட்டதைத் தானே எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? வீட்டுக்கு வந்து அதன் காலில் மஞ்சள் கயிறு கட்டினாள். நேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் தெருப் பிள்ளைகள்கூட அதன் மேல் கல் எறியவில்லை. பிரபாகரனோடு அதுவும் வளர்ந்தது.

இரண்டு மாதம் போனது. அந்த வயசுச் சேவலுக்குக் கொண்டை சிவந்து தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இதற்கு வெளிறிப்போய்ப் படிந்தே கிடந்தது. ராஜம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அடியே, இது பெட்டைடி."

"சேவல்தான்க்கா. சிலதுக்குக் கொண்டை லேட்டா வரும்."

"குஞ்சு பாக்கறவ நீ. உனக்கு நான் சொல்லணுமா?"

அதுதானே! ஊருக்கே சொல்கிறவளுக்கு, தன் வீட்டு வாசலில் மேய்கிறது தெரியாமலா போகும்? தெரிந்தது. ஆனால் ஒத்துக்கொண்டால் நேர்த்தி பொய்த்துப்போகும், பிள்ளை என்ன ஆவான்? அதனால் தினமும் அதற்குக் கேழ்வரகு போட்டு, "கூவு சாமி, ஒரு தரம் கூவு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஐந்தாம் மாசம் ஒரு நாள் காலையில் அது அடுப்பு மூலையில் குந்தியிருந்து எழுந்தபோது கீழே வெள்ளையாக ஒரு முட்டை கிடந்தது.

அந்தக் கோழியையே தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூசாரி பொன்னுசாமி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இன்னாம்மா இது? முனீஸ்வரனுக்கு யாராவது பெட்டைய அறுப்பாங்களா? வேற கொண்டா."

வேடியப்பன் அதிகம் யோசிக்கவில்லை. அடுத்த சந்தையில் நல்ல செஞ்சேவலாக ஒன்று வாங்கி வந்து, பொங்கல் வைத்து, காவு கொடுத்து முடித்தான். "சாமிக்கு சேவல் வந்துதா, இல்லியா? உடு, பேஜார் பண்ணாத" என்றான். தான் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று கெங்கம்மாளுக்குத் தெரியும். அந்த வாரமே பிரபாகரனுக்கு மறுபடி இழுத்தது.

கம்பெனி சூப்பர்வைசர் ஜெயச்சந்திரனிடம் மெதுவாகக் கேட்டாள். "சார், என் கை தப்புமா?"

"யார் கைதான் தப்பாது? நூத்துல ரெண்டு தப்பறது சகஜம்மா. பண்ணைக்காரன் போன் பண்ணுவான், பெட்டியில சேவல் வந்துடுச்சுன்னு. சரி பண்ணிடுவோம்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் அந்த ரெண்டிலேயே நின்றாள். பெட்டைப் பெட்டியில் சேவல் போனால் போன் வரும். சேவலென்று டிரம்முக்குப் போன பெட்டைக்கு யார் போன் செய்வார்கள்? இத்தனை வருஷத்தில் அப்படி எத்தனை? சேவல் போனது கம்பெனி முடிவு என்று அவள் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பெட்டை போனதற்கு அவள் கையைத் தவிர யாரைச் சொல்வது?

அதற்கப்புறம் வருஷத்துக்கு வருஷம் அவள் கண்ணுக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாமல் போனது. மொட்டு இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் பெட்டைப் பெட்டியில் போட்டுவிடுவாள். பண்ணைகளில் இருந்து போன் மேல் போன் வந்தது. வளர்த்துப் பார்த்தால் பாதிக் கொட்டகை கூவுகிறது என்று ஒருத்தர் நேரிலேயே வந்து கத்திவிட்டுப் போனார். ஜெயச்சந்திரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"உங்களுக்குக் கண்ணு போயிடுச்சும்மா. குஞ்சு பாக்கற மேஜைக்கு, புதுசா சேர்ந்த சுகன்யா வரட்டும். டிரம்முல இருந்தவன் வேலைய விட்டு நின்னுட்டான். நீங்க அங்க போறதுன்னா போங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குப் போனால் மாத்திரைக்கு எங்கே போவது? ஒரு வேளை விட்டாலே பிள்ளைக்கு இழுக்கிறது. யாரை மீட்கத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாளோ, அவனுக்காகவே சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

முதல் நாள் சுகன்யா அனுப்பிய சேவல் தட்டை டிரம்முக்குள் கவிழ்த்தபோது கை தானாக ஒன்றை எடுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். மொட்டு இல்லை. இந்த முறை சந்தேகமே இல்லை, சுத்தமான பெட்டை. எடுத்துக்கொண்டு மேஜைக்கு ஓடினாள்.

"சுகன்யா, இது பெட்டைம்மா."

"அப்டியா? இப்டி போடுங்கக்கா. நூத்துல ரெண்டு அப்டித்தான்" என்றாள் அந்தப் பெண், தலையைத் தூக்காமல்.

திரும்பி வந்து டிரம்முக்குள் பார்த்தாள். மஞ்சளாக அலைமோதிக்கொண்டிருந்தன. இன்னொன்றை எடுத்தாள், சேவல். இன்னொன்று, சேவல். அடுத்ததற்குக் கை போனபோது பின்னால் ஜெயச்சந்திரன் வந்து நின்றார். "இன்னா பண்ணிகினு இருக்கீங்க? அடுத்த தட்டு வந்துடுச்சு. ஜல்தி மூடுங்க."

மூடினாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து பிரபாகரனை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் ஏரிக்கரைக்குப் போனாள். பையனுக்கு அப்போது ஆறு வயசு. செருப்பைக் கழற்றிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு முனீஸ்வரனுக்கு முன்னால் நின்றாள். விபூதிகூட எடுக்கவில்லை.

"இன்னிக்கு மூடினது நானு. தெரிஞ்சே மூடினேன். அதுக்கு முன்னாடி தெரியாம அனுப்பினதும் நான்தான். இந்தப் புள்ள ஒண்ணும் பண்ணல. கேக்கறதா இருந்தா என்னைக் கேளு, இவனைக் கேக்காத. நாளைக்கும் நான் போவணும். நாளைக்கும் மூடுவேன்."

"யார்கிட்டம்மா பேசிகினு இருக்க?" என்றான் பையன். "அம்மா, கை வலிக்குது, உடும்மா" என்று சிணுங்கினான். அதுவும் அவள் காதில் விழவில்லை.