எண்ணூரில் ஒரு ஜப்பான் சோற்றுருண்டை

2003, ஐப்பசி. ஞாயிறு மதியம் 2.20. கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தேன். ஜப்பான் படக்கதைகளில் வரும் சாப்பாட்டைத் தாம்பரத்து வீட்டில் சமைத்துப் பார்க்கும் பைத்தியம் எனக்கு. சென்னையில் இப்படி நான் ஒருவன்தான் என்ற கர்வம் வேறு. எண்ணூர் குப்பத்தில் ஒரு பெண்ணும் அதையே செய்கிறாள் என்று துறைமுகத்தில் வேலை செய்யும் நண்பன் சொன்னதும் இருப்புக்கொள்ளவில்லை.

கொருக்குப்பேட்டை தாண்டியதும் மணலி எண்ணெய் ஆலையின் வாயு நாற்றம் பெட்டிக்குள் ஏறியது. 3.15க்கு எண்ணூர். குப்பம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ இருபது ரூபாய்.

"தேசம்மா வூடா?" டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது புருசன் கடலுக்குப் போயி நாலு மாசம் ஆவுது சார். படகுகூட கெடைக்கல. காரியம் பண்ணுன்னா கேக்காம, புஸ்தகத்தப் பாத்து இன்னாத்தையோ ஆக்கினு கீது. வர வெள்ளிக்கெழம சொந்தக்காரங்களே தாலி எறக்கப் போறாங்க."

சந்து முனையிலேயே இறக்கிவிட்டார். உள்ளே வரவில்லை.

3.40. ஞாயிற்றுக்கிழமை, ஆனால் சந்தில் ஒரு பிள்ளைகூட விளையாடவில்லை. கதவு திறந்திருந்தது. தேசம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். "வாண்ணா, குந்து" என்றாள், நான் வருவது தெரிந்தவள் போல. தரையில் மூன்று தட்டுகள் இருந்தன.

முக்கோணமாகப் பிடித்த சோற்றுருண்டைகள். உள்ளே நெத்திலிக் கருவாடு. ஜப்பானியர் கடற்பாசித் தாள் சுற்றும் இடத்தில் கறுப்பாக வேறு ஏதோ ஒட்டியிருந்தது.

"படத்துல கறுப்பா கீது, இன்னான்னு தெர்ல. கத்திரிக்காய சுட்டு, தோல ஒட்டிட்டேன்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கணவன் எப்போதோ கப்பல்காரர்களிடம் வாங்கிவந்த படக்கதையை என்முன் விரித்தாள். முதலில் சுவரில் மாட்டிய ஓர் ஆணின் போட்டோ, அதன்முன் படைத்ததுபோல் ஒரு கிண்ணம் சோறு. பிறகு கரையில் தனியாக ஒரு பெண். புயலில் படகு. மணலில் அந்த ஆண். எல்லாப் பக்கத்திலும் ஏதாவது ஒரு சாப்பாடு. கடைசியில் இருவரும் வீட்டில் உட்கார்ந்து இதே உருண்டையைச் சாப்பிடுகிறார்கள்.

"வாரம் ஒரு படம், அதுல கீற சோத்த ஆக்கினு வரேன். இன்னிக்குக் கடைசிப் படம். வந்துடுவாரு." ரயில் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

நாக்கு சும்மா இருக்கவில்லை. விஷயம் தெரிந்தவன் என்ற திமிர். "ஜப்பான்காரங்க புஸ்தகத்த அந்தப் பக்கத்துலேர்ந்து படிப்பாங்கம்மா. நீங்க கடைசின்னு சொல்றதுதான் மொதப் படம்."

சொன்ன பிறகுதான், அவள் கையிலிருந்து எதைப் பிடுங்கினேன் என்பது உறைத்தது. அவள் புத்தகத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். கடைசியில் வந்த அந்த ஆணின் போட்டோமேல் வெகுநேரம் கை வைத்திருந்தாள். அழவில்லை. மூடி வைத்துவிட்டு எனக்குப் பரிமாறினாள். மூன்றாவது தட்டைக் கதவோரம் நகர்த்தி, அதிலும் இரண்டு உருண்டை வைத்தாள்.

வீட்டில் நான் சமைப்பது விளையாட்டு. தின்று, தட்டைக் கழுவினால் முடிந்தது. இங்கே ஒரு வாய்கூட இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. சாப்பிடாமலே எழுந்தேன்.

வெளியே செருப்பை மாட்டும்போது உள்ளே அவள் குரல் கேட்டது. கதவோரத் தட்டின்முன் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"துன்னுய்யா. இன்னிக்கு மொதப் படம்தானாம். இதுலியே இருந்துக்கலாம் நம்ம. நாளிக்குக் கடலுக்குப் போவாத."