ரெண்டாவது பாகத்த ஏரில எறங்கிப் பாத்தேன்

இத எழுதவே வாணாம்னு தான் இருந்தேன். ஒம்பதாவதோட ஸ்கூலுக்கு டாட்டா காட்னவன் நானு. நான் போயி ஒரு புக்கு நல்லாகீதா இல்லியானு சொன்னா ஊரே சிரிக்கும். ஆனா என் தோஸ்த்து, ஏரில எனக்குப் பக்கத்துல கையால எறா தடவிப் புடிக்கறவன், "மொத பாகம் அளவுக்கு ரெண்டாவது கீதாடா?"னு கேட்டுக்கினே இருந்தான். மொக்கனு ஒரு வார்த்தைல முடிச்சிருக்கலாம். அது முழு உண்மை இல்ல.

மொத பாகத்த பொன்னேரில பழைய புக்கு கடைல வாங்கனேன். அந்தக் கதைல, வேற ஒலகத்துலேந்து வந்த ஒண்ணு ஏரி சேத்துக்குள்ள கெடக்குது. கடைசி வரைக்கும் அது இன்னா உருவம்னே சொல்ல மாட்டாங்க. அதுக்குக் காது மட்டும் தான். சேத்துல கால தேச்சி நடந்தா கேட்டுடும், உள்ள இழுத்துக்கும். அதனால கதைல ஏரில எறங்கற பசங்க கால தூக்கித் தூக்கி மெதுவா வெப்பாங்க. கடைசில ஒரு பையன் அசதில கால தேச்சிடுவான். தண்ணி ஒருவாட்டி கலங்கி அடங்கும். அவ்ளோதான், புக்கு முடிஞ்சிடும்.

எங்க ஏரில அப்டியே தலகீழு. கால தேச்சிதான் நடக்கணும். அப்பதான் சேத்துல படுத்துனு இருக்கற திருக்கை மீனு நவுந்து போவும். தூக்கி அது மேல வெச்சா, வாலு முள்ளு கால்ல எறங்கிடும். எங்க நைனாவுக்கே ஒருவாட்டி எறங்கிச்சி. அவரு வலில அலறி நான் கேட்டது அன்னிக்குத் தான்.

எல்லாம் தெரியும். ஆனா அந்தப் புக்க படிச்சதுலேந்து என் காலு தேய மாட்டேன்னுது.

"இன்னாடா, கொக்கு மாரி வர்ற? தேச்சி நட!"னு முன்னாடி போற நைனா கத்துவாரு.

"சேறு ஒட்டுது நைனா."

"சேத்துல சேறு ஒட்டாம சக்கரையா ஒட்டும்?"

ஒரு காலைல, தூக்கி வெச்ச காலுக்கு அடில தட்டையா, வழவழன்னு ஒண்ணு நவுந்துச்சி. வாலு கணுக்கால உரசினு போச்சி. குத்தல. ஆனா ஒடம்பு மொத்தமும் ஜில்லுனு ஆயிடுச்சி. தேய்க்கவும் முடியல, தூக்கவும் முடியல, தொடையளவு தண்ணில அப்டியே நின்னுட்டேன். நடிக்கிறேன்னு தோஸ்த்து சிரிச்சான். நானும் சிரிச்சேன். ஊரையே கிண்டல் பண்ணி ஓட்றவன், ஒரு கதைக்கு பயந்துட்டேன்னு எப்டி சொல்றது?

ரெண்டாவது பாகத்த வாங்கனதே இதுக்குத் தான். அது இன்னானு தெரிஞ்சிட்டா பயம் போயிடும் இல்ல?

அத காட்றாங்கபா! எடுத்ததுமே வெளிய வந்துடுது. அதுக்குப் பேரு கீது. நியூஸ் வாசிக்கற மாரி சுத்தமா தமிழ் பேசுது. அம்மாவ காணோம்னு அழுவுது. பசங்க அது வண்டில ஏறி வானம் பூரா சுத்தறாங்க, சண்ட போட்றாங்க. எதுக்கு நடுங்கனேனோ அதுக்கு ஜலதோசம் புடிக்குது. படுத்துனு சிரிச்சேன்.

ஒரே ஒரு எடம் மட்டும் மொத பாகத்துக்கு சமம். காணாம போன பையனோட தங்கச்சி ஏரிக்கரைல நின்னு அவன கூப்புட்றா. தண்ணி சும்மா கெடக்குது. அந்தக் கட்டத்துல அந்த ஜந்து வரவே வராது. அங்க மயிர் கூச்செறிஞ்சிச்சி.

மறுநா ஏரில எறங்கனேன். 'அது அம்மாவ தேட்ற கொயந்தடா'னு எனக்கே சொல்லிக்கினு கால தேச்சேன். கொஞ்ச தூரம் காலு தேஞ்சினு வந்துச்சி. அப்பறம் ஒரு எடத்துல சேறு பொதக்குனு உள்ள போச்சி. காலு தானா மேல வந்துடுச்சி. ரெண்டாவது பாகம் அவ்ளோ பேசியும் என் காலு கேக்கல. அது இன்னும் மொத பாகத்துலயே நிக்குது.

கரையேறி, கூடைய அலசினு இருந்த தோஸ்த்துகிட்ட இத்தினியும் சொன்னேன். கிண்டல் பண்ணாம சொன்னேன். இப்ப சிரிப்பான், இப்ப சிரிப்பான்னு அவன் மூஞ்சியவே பாத்துனு இருந்தேன்.

"நாளைக்கு நான் முன்னாடி தேச்சினு போறேன், நீ என் தடத்துலயே தூக்கி வெச்சினு வாடா, பேமானி."