அண்ணன் வாங்கிய இரண்டு பட்டங்கள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சுப் போடலாம் என்று அண்ணி சொன்னார். "நீதான் எழுதணும் பாப்பா. அவர் படிப்பு விஷயம் உனுக்குத்தான் முழுசா தெரியும்" என்றார். வீட்டில் என்னை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத உட்கார்ந்தால் கை எழுதுகிறது; மனத்தில் ஒன்றும் அசையவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது பெருநகரை அடுத்த எங்கள் சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். அண்ணன் பத்தாம் வகுப்பு தேறிய கோடையில் அப்பா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். பதினொன்றாம் வகுப்பில் சேருவதற்காக வாங்கி வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் உத்திரமேரூர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனார். நான் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்தேன். அதன் பிறகு என் படிப்புக்கு வேண்டியதையெல்லாம் அண்ணன்தான் பார்த்தார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, காஞ்சிபுரத்தில் பி.காம். சேர்ந்தேன். அதற்குள் அண்ணன் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்திருந்தார். விடிவதற்கு முன்பே கம்பெனி பேருந்து வந்துவிடும்.

அந்தப் பேருந்தில் உட்கார்ந்துதான் அண்ணன் முதல் பட்டத்தைப் படித்தார். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்பு இல்லாதவர்களும் ஓராண்டு அடித்தளப் படிப்பு படித்துவிட்டு நேராகப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் பி.ஏ. வரலாறு சேர்ந்தார். ஒரு தாளில் கூடத் தவறவில்லை. பட்டம் வந்த அன்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அடுத்து, பட்டதாரிகளுக்கான அரசுத் தேர்வு ஒன்றை எழுதினார். எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டார். சான்றிதழ் சரிபார்க்கச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். நானும் துணைக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"பத்தாவது இருக்கு. டிகிரி இருக்கு. பிளஸ் டூ எங்கப்பா?"

"பிளஸ் டூ படிக்கல மேடம். நேரா டிகிரி படிச்சிட்டேன்."

"பத்து, பன்னெண்டு, அப்புறம் மூணு வருஷ டிகிரி. அந்த வரிசையில இருந்தாத்தான் இந்த வேலைக்கு எடுக்க முடியும்."

"அப்ப இது டிகிரியே இல்லீங்களா மேடம்?"

"டிகிரிதான். பொய்னு யாரும் சொல்லல. ஆனா இந்த வேலைக்குச் செல்லாது" என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை. சான்றிதழ்களை அடுக்கி, ஓரம் மடங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து அண்ணன் எனக்கு ஒரு லெமன் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "படிக்கறப்ப யாருமே இத்த சொல்லலியே பாப்பா?" எனக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் பத்து, பன்னிரண்டு, கல்லூரி என்று நேர் வழியில் போனவள். அந்த வரிசையைப் பற்றி யோசிக்க எனக்கு அவசியமே வந்ததில்லை.

விட்டதைப் படித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அண்ணன் நினைத்தார். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பை வணிகவியல் பிரிவில் எழுதித் தேறினார். பிறகு விசாரித்தபோது, அதுவும் போதாது, பட்டம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. பி.ஏ. முன்னால் வந்துவிட்டது. அதைப் பின்னால் நகர்த்த வழியில்லை.

அப்போது அண்ணனுக்குத் திருமணமாகி, மகளும் பிறந்திருந்தாள். இனிமேல் எதற்குப் படிப்பு என்று உறவில் பலர் கேட்டார்கள். அண்ணி மட்டும், "அவருக்குத் தோணுனா படிக்கட்டும்" என்றார். அண்ணன் தொலைதூரக் கல்வியில் மறுபடியும் முதலாம் ஆண்டில் சேர்ந்தார். படித்த வரலாற்றையே எடுத்தால் சுலபம் என்று நான் சொன்னேன்.

"படிச்சதையே படிச்சா எனுக்கு இன்னா கீது? நீ படிச்ச பி.காம்.மையே படிக்கிறேன். டவுட்டுக்கு நீ கீறியே."

இந்தத் தடவை அண்ணன் எதையும் கேட்காமல் விடவில்லை. நான் அப்போது திருமணமாகிக் காஞ்சிபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் பாடத்திட்டத்தைப் பிரித்து வைத்திருப்பார். முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாவதில் முதன்மைப் பாடங்களும் அவற்றைச் சார்ந்த துணைப் பாடங்களும், நான்காவதில் சுற்றுச்சூழலும் விழுமியக் கல்வியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். "கணக்கு எழுதறவனுக்கு சுற்றுச்சூழல் எதுக்கு?" என்று சிரித்தார். கடைசியில் அவருக்கு மிகவும் பிடித்த தாள் அதுதான். செய்யாற்றில் மணல் போனதையும் எங்கள் கிணறுகள் வற்றியதையும் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்தார்.

துணைப் பாடமாக வந்த புள்ளியியல்தான் அவரை விடவில்லை. முதன்மைப் பாடங்கள் எல்லாம் தேறியும் அது மட்டும் திரும்பத் திரும்ப அரியர் விழுந்தது. துணைப் பாடம் என்றாலும் அது நின்றால் பட்டமும் நின்றுவிடும். ஒருநாள் திட்டவிலக்கம் என்றால் என்ன என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"சராசரி ஒண்ணு இருக்குதில்லண்ணா, அதுல இருந்து ஒவ்வொருத்தரும் எவ்வளவு தூரம் தள்ளி நிக்கிறாங்கன்னு பாக்கறது."

அண்ணன் பேனாவை வைத்துவிட்டார். "அப்ப நான் ரொம்ப தூரத்துல நின்னுகினு கீறேன் பாப்பா" என்றார்.

அண்ணி அடுப்படியிலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் அதே கணக்கை மறுபடி போட்டார். அடுத்த தேர்வில் அந்தத் தாளிலும் தேறினார். இரண்டாவது பட்டம் தபாலில் வந்தது. வாங்கிப் பார்க்க அம்மா அப்போது உயிரோடு இல்லை.

அதன் பிறகு அண்ணன் அரசுத் தேர்வுகளை எழுதிக்கொண்டுதான் இருந்தார். இப்போது சான்றிதழ் வரிசை சரியாக இருந்தது, மதிப்பெண் எட்டவில்லை. கொஞ்சத்தில் தவறியது என்று ஒருமுறை சொன்னார். கம்பெனியில் கடைசிவரை ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்தார்.

ஆனால், தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் அண்ணன் வீட்டுக்கு ஆள் வராத நாள் இருக்காது. பி.சி.ஏ. நல்லதா, பி.எஸ்சி. கணினி அறிவியல் நல்லதா என்று கேட்பார்கள். தமிழில் பி.ஏ.வுக்கும் பி.லிட்.டுக்கும் என்ன வித்தியாசம் என்பார்கள். "பேரைப் பாக்காதீங்க. உள்ள இன்னா பாடம் கீது, முடிச்சா எந்த வேலைக்கு ஒத்துக்கிறாங்க, அத்த கேளுங்க" என்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, விசாரித்து மறுநாள் சொல்வார்.

திருமுக்கூடலிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்ததை நானே பார்த்தேன். பெண் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியிருந்தாள். பிளஸ் டூ இல்லாமலே பட்டம் படிக்கலாமாம், அதிலேயே சேர்த்துவிடுகிறேன், வருஷம் வீணாகாது என்றார் அந்த அம்மா. அண்ணன் வழக்கமாகத் தன் கதையைச் சொல்லமாட்டார். அன்று சொன்னார்.

"எனுக்கு வீணான வருஷத்தை எண்ணிப் பாரும்மா. ஒரே ஒரு பாடம். துணைத்தேர்வு அடுத்த மாசமே கீது. எழுதச் சொல்லு."

"அதுலயும் போச்சின்னா?"

"மறுபடி எழுதட்டும். வரிசை மாறினா என்னை மாரி ஆயிடும்."

அந்தப் பெண் துணைத்தேர்வு எழுதித் தேறி, பி.எஸ்சி. சேர்ந்தாள். அண்ணனின் காரியத்துக்கு அவளும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள்.

அண்ணன் இறந்தது கம்பெனி பேருந்தில். காலை ஷிப்டுக்குப் போகும் வழியில், ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தபடி. தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். கம்பெனி வாசலில் இறங்கும்போது பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டு எழுப்பினாராம். மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான் போனபோது அண்ணனின் சட்டைப்பையில் அடையாள அட்டை செருகியபடியே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. அப்படித்தான் இருக்கிறது.

அன்று மாலை, அஞ்சலி பேனர் அடிக்கும் கடையிலிருந்து கேட்டார்கள். "அக்கா, பேருக்குப் பின்னாடி இன்னா போடணும்? பி.ஏ.வா, பி.காம்.மா?" பக்கத்தில் இருந்த உறவினர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், "பி.காம். மட்டும் போடச் சொல்லு. அந்த பி.ஏ. செல்லாததாச்சே" என்றார். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டும் போடச் சொல்லு பாப்பா. ரெண்டையும் அவர்தான் உக்காந்து படிச்சாரு" என்றார்.

இரண்டையும் போட்டார்கள். இந்த மலரின் அட்டையிலும் அப்படியே இருக்கிறது.

அண்ணனைத் தனியே விடாமல் மருத்துவமனைவரை கூட இருந்த பேருந்துத் தோழர்களுக்கும், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து காரியங்களைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கும், பதினாறாம் நாள்வரை சமைத்துப் போட்ட அண்ணியின் பிறந்த வீட்டாருக்கும், பெருநகரிலிருந்தும் திருமுக்கூடலிலிருந்தும் வந்து நின்ற, அண்ணனிடம் கேட்டுப் படித்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யாரையாவது சொல்லாமல் விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும்.

இந்த மே மாதமும் சிலர் விஷயம் தெரியாமல் வந்தார்கள். அண்ணி அவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார். எழுந்து போகத் தயங்கியவர்களிடம், காஞ்சிபுரத்தில் இருக்கும் என் எண்ணைக் கொடுத்தார். கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அண்ணன் மகள் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறாள். அதற்குப் பிறகு என்ன படிக்கப்போகிறாய் என்று எங்கள் வீட்டில் யாரும் இன்னும் அவளைக் கேட்கவில்லை.